வலிப்பு மாத்திரையை இன்றே நிறுத்தச் சொல்லும் செய்தி தவறு

தோல் உரிந்த ஒரு குழந்தையின் படத்துடன், "வலிப்பு மாத்திரை விஷம், இன்றே நிறுத்துங்கள்" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவுகிறது. அதை நம்பி மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். நிற்காமல் நீடித்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அந்தப் படத்திலுள்ள ஒவ்வாமை கற்பனையல்ல. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் என்பார்கள். கார்பமசெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டால், லமோட்ரிஜின் ஆகிய வலிப்பு மருந்துகளால் அரிதாக வரும், பெரும்பாலும் தொடங்கிய முதல் 2 மாதங்களுக்குள். பல மாதங்களாகச் சிக்கலின்றிச் சாப்பிடும் குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. லமோட்ரிஜின் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பிரித்துப் பாருங்கள்: தோல் தடிப்பு பற்றிய எச்சரிக்கை அதிலேயே அச்சிடப்பட்டிருக்கும். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்துடன் சேர்த்தால் லமோட்ரிஜின் உடலில் அதிக நேரம் தங்கி, தடிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். அதனால்தான் மருத்துவர் மிகச் சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல ஏற்றுகிறார். அந்த அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள்.

புது மாத்திரை தொடங்கியபின் தடிப்பு தெரிந்தால், அடுத்த வேளைக்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, முகவீக்கம், கொப்புளம் இவற்றில் ஏதாவது ஒன்று தடிப்போடு இருந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள், மாத்திரை அட்டையோடு. அங்கே அந்த மருந்தை நிறுத்தி, வலிப்பைத் தடுக்க வேறொன்று தருவார்கள்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால், அதே குழுவில் இதைப் போடுங்கள்.