அப்டேட் போடலாமா, வேண்டாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணினி தெரிந்த எந்த அண்ணனைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "விண்டோஸ் அப்டேட்ட மட்டும் தொட்டுடாதே தம்பி, நகல்னு கண்டுபிடிச்சா ஸ்கிரீன் கறுத்துடும்!"

கடைத்தெருவில் வாங்கிய பழைய லேப்டாப்பில் இருக்கும் விண்டோஸ் அசலா நகலா என்று வாங்கியவருக்கே தெரியாது. ரசீதில் 'லேப்டாப் 1' என்பதோடு சரி. நகலை ஏற்றி விற்றவன் ஜாலியாக தே தாரிக் குடிப்பான். "உங்களுடையது அசல் அல்ல" என்ற ஏச்சு, செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்துப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தவருக்கு.

பயப்படுகிறவர்களைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. 2006இல், விண்டோஸ் அசலா என்று உரிமம் சோதிக்கும் நிரலை மைக்ரோசாப்ட் முக்கியமான அப்டேட்டுகளோடு சேர்த்தே அனுப்பியது. அது தினமும் நிறுவனத்தின் சர்வரைத் தொடர்புகொண்ட விஷயம் பிறகுதான் வெளியே வந்தது. 2007 ஆகஸ்டில் அந்தச் சர்வரே கோளாறாகி, காசு கொடுத்து வாங்கியவர்களையும் கள்ள நகல்காரர்கள் ஆக்கியது! சோற்றுக்குள் மாத்திரையை ஒளித்து ஊட்டினால் பிள்ளை அடுத்த வேளை சோற்றை நம்புமா?

அதற்காக அப்டேட்டையே நிறுத்தினால்? 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் உலகத்தையே ஆட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. அதைப் போடாத பலரின் கோப்புகள் பூட்டிக்கொண்டன.

பாதுகாப்பு தனி, உரிமச் சோதனை தனி என்று பெயர் போட்டு அனுப்ப என்ன கேடு?

என்னைக் கேட்டால், போடுங்கள். கறுத்தால் கறுக்கட்டும். ரசீதை எடுத்துக்கொண்டு நேரே கடைக்காரர் முன்னால் போய் நில்லுங்கள்.