ஜூலை முதல் தேதிக்குப் பிறகும் நடக்க வேண்டிய வேலைகள்

ஜூலை முதல் தேதி நெருங்குகிறது. ரோட்டரி, லயன்ஸ் ஆகிய இரு சேவை அமைப்புகளுக்கும் சங்க ஆண்டு அன்றுதான் தொடங்குகிறது என்பதால், இனி சில வாரங்களுக்குத் தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலுள்ள கல்யாண மண்டபங்களில் பதவியேற்பு விழாக்கள் நடைபெறும். புதிய தலைவரும் செயலாளரும் பொருளாளரும் உறுதிமொழி எடுப்பார்கள். சங்கத்தின் முதல் தலைவரான சாசனத் தலைவருக்கும், பல சங்கங்களை மேற்பார்வையிடும் மாவட்ட ஆளுநர்களாக முன்பு இருந்தவர்களுக்கும் பொன்னாடை போர்த்தப்படும். தையல் இயந்திரமும் மூன்று சக்கர வண்டியும் நோட்டுப் புத்தகங்களும் மேடையிலேயே வழங்கப்படும். மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படத்துடன் செய்தி வரும். ஒரு லயன்ஸ் சங்கத்தில் பல ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கும் நான், இந்த விழாக்கள் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். விழா நடந்தால்தான் புதியவர்கள் சங்கத்தில் சேருகிறார்கள், ஊரில் நன்கொடை கொடுக்கும் மனமுள்ளவர்களுக்கு யாரிடம் கொடுப்பது என்று தெரிகிறது. ஆனால், ஒரு சங்கம் நல்ல சங்கமா என்பதை அந்த ஆண்டில் அது புதிதாகத் தொடங்கிய திட்டங்களின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். முந்தைய தலைவர்கள் தொடங்கிவைத்த பணிகளில் எத்தனை இன்றும் நடந்துகொண்டிருக்கின்றன என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

தலைவர் பதவி ஓராண்டுதான் என்ற விதியில் பெரிய நன்மை இருக்கிறது. நம் ஊர்களில் எந்த அமைப்பை எடுத்துக்கொண்டாலும், ஒரு குடும்பத்தின் கைக்கோ ஒரு சாதியின் கைக்கோ ஒரு பணக்காரரின் கைக்கோ அது போய்ச் சேர அதிக காலம் ஆவதில்லை. ஆண்டுதோறும் தலைவர் மாறிவிடும் சங்கத்தில் அது அவ்வளவு எளிதில் நடப்பதில்லை. மளிகைக் கடைக்காரரும் வங்கி ஊழியரும் பல் மருத்துவரும் அரிசி ஆலை உரிமையாளரும் முறை வைத்து ஒரே நாற்காலியில் அமர்ந்து எழுகிறார்கள். அதே விதிதான் வேறொரு பக்கத்தில் தீங்கும் செய்கிறது. பன்னிரண்டு மாதங்களுக்குள் ‘என் ஆண்டில்’ என்று சொல்லிக்கொள்ள ஏதாவது செய்தாக வேண்டும் என்ற அவசரம் ஒவ்வொரு தலைவருக்கும் வந்துவிடுகிறது. போன ஆண்டின் தலைவர் தொடங்கியதைத் தொடர்வது அவருக்குப் பெருமையாகத் தோன்றுவதில்லை. கல்வெட்டில் பெயர் பொறிக்க இடம் இருப்பது புதிய திட்டத்தில்தானே.

எங்கள் பகுதியிலுள்ள ஓர் அரசுப் பள்ளிக்குச் சேவைச் சங்கம் ஒன்று ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் வழங்கியது. அந்த ஊர் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும் என்பதால் திட்டம் மிகவும் தேவையானதுதான். திறப்பு விழாவும் சிறப்பாக நடந்தது. ஆனால் அத்தகைய இயந்திரத்தில் ஃபில்டரைச் சில மாதங்களுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். உப்பு அதிகமுள்ள தண்ணீரில், உப்பைப் பிரிக்கும் மெம்பிரேன் என்ற சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதன் விலையைத் தாங்கும் அளவுக்குப் பள்ளியின் கையில் பணம் கிடையாது. வழங்கிய சங்கத்திலோ அதற்குள் தலைவர் மாறிவிட்டார், திட்டக் கணக்கும் முடிக்கப்பட்டுவிட்டது. இப்போது பிள்ளைகள் பழையபடி வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டு வருகிறார்கள். இயந்திரத்துக்கு மேலே சுவரில் பதித்த கிரானைட் பலகையில் தலைவர், செயலாளர், பொருளாளர், மாவட்ட ஆளுநர் ஆகியோரின் பெயர்கள் பொன் எழுத்தில் இன்னும் தெளிவாக இருக்கின்றன. இதில் எந்தத் தனி மனிதரையும் நான் குறை சொல்லவில்லை. இயந்திரம் வாங்கப் பணம் திரட்டியபோதே மூன்று ஆண்டுகளுக்கான பராமரிப்புச் செலவையும் சேர்த்துத் திரட்ட வேண்டும் என்ற விதி அந்தச் சங்கத்தில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

இதற்கு நேர் எதிரான பணி, மாதந்தோறும் நடக்கும் இலவசக் கண் சிகிச்சை முகாம். லயன்ஸ் அமைப்புக்கும் கண்ணுக்கும் உள்ள உறவு நூறு ஆண்டு பழையது. சிகாகோவில் காப்பீட்டு முகவராக இருந்த மெல்வின் ஜோன்ஸின் முயற்சியால் 1917இல் உருவான அந்த அமைப்பின் மாநாடு 1925 ஜூன் 30 அன்று ஒஹாயோ மாநிலத்தின் சீடார் பாயின்டில் நடந்தபோது, ஹெலன் கெல்லர் அங்கு வந்து, பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக நீங்கள் மாற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தமிழ்நாட்டில் அந்த வேண்டுகோளுக்குப் பொருள் கிடைத்தது மதுரையை மையமாகக் கொண்ட கண் முகாம்களால்தான் என்பது என் எண்ணம். அரசுப் பணியில் இருந்தபோதே கிராமங்களில் முகாம் நடத்திப் பழகிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, ஓய்வு பெற்ற பிறகு 1976இல் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் வகுத்த முறையில் வேலை இரண்டாகப் பிரிகிறது: பரிசோதனையும் அறுவைச் சிகிச்சையும் மருத்துவமனையின் பொறுப்பு, இடம், விளம்பரம், தொண்டர்கள், ஆட்களைத் திரட்டிக் கொண்டுவருதல் ஆகியவை உள்ளூர் அமைப்பின் பொறுப்பு. 1992இல் அரவிந்தின் லென்ஸ் தயாரிப்பு நிறுவனமான ஆரோலேப் தொடங்கப்பட்டு, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் மதுரையிலேயே குறைந்த விலையில் தயாரானது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சோடாபுட்டிக் கண்ணாடியோடு வாழ்ந்த தலைமுறை மெல்ல மறைந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

முகாமுக்கு வராதவர்களுக்காக, அங்கு என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இரண்டு நாள் முன்னதாக ஆட்டோவில் மைக் கட்டி சுற்றுக் கிராமங்களில் அறிவிப்போம். டீக்கடை, பால் சொசைட்டி, ரேஷன் கடை ஆகிய இடங்களில் நோட்டீஸ் ஒட்டுவோம். ஞாயிறு காலை ஏழு மணிக்கே பள்ளி வராந்தாவில் வரிசை நின்றுவிடும். பெயர்ப் பதிவு முடிந்ததும் பார்வைச் சோதனை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்று மூன்று கால்கள் நீட்டிக்கொண்டிருப்பதுபோன்ற ஒரே எழுத்து வெவ்வேறு பக்கம் திரும்பியிருக்கும் அட்டை ஒன்று உண்டு. கால்கள் மேலே பார்க்கின்றனவா, கீழேயா, இடப்பக்கமா, வலப்பக்கமா என்று விரலால் காட்டினால் போதும். அட்டையிலிருந்து ஆறு மீட்டர் தள்ளி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு உட்காரும் பாட்டி, முதல் வரிசைப் பெரிய எழுத்துக்கே கையை அசைக்காமல் இருப்பதைப் பார்த்தால், இத்தனை நாள் இவர் எப்படி அடுப்பு பற்றவைத்தார் என்று மனம் பதறும். பிறகு டாக்டர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்ப்பார், கண் அழுத்தம் பார்ப்பார்கள், கண்ணீர்ப் பாதையில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். புரை முற்றியவர்களை அன்றைக்கே பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார்கள். சில நாட்களில் லென்ஸ் வைத்து, பச்சைக் கண்ணாடி மாட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். சுமார் ஒரு மாதம் கழித்து மறு பரிசோதனை.

இந்த வேலையில் யாரும் படம் எடுக்காத ஒரு பொருள் உண்டு. அதுதான் பதிவேடு. சர்க்கரை அதிகம் இருப்பதால் இந்த முறை அறுவைச் சிகிச்சை செய்ய முடியாது, மாத்திரை சாப்பிட்டுக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பப்படுபவர்கள் ஒவ்வொரு முகாமிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர், ஊர், பக்கத்து வீட்டுக்காரரின் அலைபேசி எண் ஆகியவற்றைக் கோடு போட்ட ஒரு நீள நோட்டில் குறித்துவைக்கிறோம். அடுத்த முகாமுக்கு முந்தைய வாரம் ஒருவர் உட்கார்ந்து அத்தனை பேரையும் அழைக்க வேண்டும். அழைத்தால் வருகிறார்கள், அழைக்காவிட்டால் பெரும்பாலும் வருவதில்லை, அடுத்த ஆண்டு வரும்போது மற்றக் கண்ணிலும் பார்வை போயிருக்கும். ஒரு முறை மட்டும் நடத்தும் ‘மாபெரும் முகாம்’ இவர்களுக்கு எந்த வகையிலும் உதவாது. சர்க்கரை குறையும்போது அங்கே முகாமும் இருக்க வேண்டும். இரண்டாவது ஞாயிறு என்றால் இரண்டாவது ஞாயிறு நடந்தாக வேண்டும். தலைவர் யார் என்பதை அந்தப் பாட்டி அறியமாட்டார், அறிய வேண்டிய தேவையும் இல்லை.

பெண்களைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். வயதான ஆண்கள் டீக்கடைப் பேச்சிலேயே முகாம் பற்றித் தெரிந்துகொண்டு தாங்களே வந்துவிடுகிறார்கள். பெண்கள் வருவதற்குள் பல தடைகள்: கூட வர ஆள் வேண்டும், மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தால் வீட்டில் சமைப்பது யார், மாட்டைப் பார்ப்பது யார், பேரப்பிள்ளையை விட்டுவிட்டு எப்படி வருவது. இந்த வயதில் எனக்கு எதற்குக் கண் என்று அவர்களே சொல்லிவிடுவதும் உண்டு. இவற்றுக்கு மைக் அறிவிப்பு பதில் சொல்லாது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மருமகளிடமும் மகனிடமும் பேசக்கூடிய ஒரு பெண்ணால்தான் முடியும். லயன்ஸ் அமைப்பு 1987இலும் ரோட்டரி 1989இலும்தான் பெண்களை முழு உறுப்பினர்களாக ஏற்றன. ரோட்டரியின் உலகத் தலைவராக ஒரு பெண் வந்தது 2022இல்தான். நம் ஊர்ச் சங்கங்களில் இன்னும் பெண்கள் பெரும்பாலும் ‘உறுப்பினரின் துணைவியார்’ என்ற பெயரில் குத்துவிளக்கு ஏற்றுவதோடு நிறுத்தப்படுகிறார்கள். இது நியாயமற்றது என்பதோடு, முகாமுக்கு வந்திருக்க வேண்டிய எத்தனையோ பாட்டிகளைச் சங்கம் இழக்கவும் காரணமாகிறது.

தலைவர் ஆண்டுதோறும் மாறினால் தொடர்ச்சி எப்படி வரும் என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு ரோட்டரியின் போலியோ பணியைவிடச் சிறந்த பதில் இல்லை. நான் லயன்ஸ்காரனாக இருந்தாலும் இதை மனம் நிறைந்து சொல்கிறேன். 1985இல் போலியோவை ஒழிப்பதற்கான போலியோபிளஸ் திட்டத்தை ரோட்டரி அறிவித்தது. 12 கோடி டாலர் திரட்ட நினைத்து, 1988 பிலடெல்பியா மாநாட்டின்போது 24.7 கோடி டாலர் திரட்டியிருந்தது. அந்த ஆண்டில் உலகில் 125 நாடுகளில் போலியோ இருந்தது. ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பேர் வரை முடங்கினார்கள் என்பது மதிப்பீடு. இந்தியாவில் 1995 டிசம்பரில் நாடு முழுவதும் சொட்டு மருந்து முகாம் தொடங்கியது. அதற்குப் பிறகும் பதினைந்து ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 2009இல்கூட 741 பேருக்குப் போலியோ வந்தது. 2010இல் அது 42 ஆகி, 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு சிறுமியோடு நின்றது. 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்றளிக்கப்பட்டது. வீடு வீடாகப் போய்ப் பெரும்பாடு பட்டவர்கள் கிராம சுகாதாரச் செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும்தான். அந்தப் பெருமை முதலில் அவர்களுக்கே உரியது. ஆனால் பஸ் ஸ்டாண்டிலும் ரயில் நிலையத்திலும் மேசை போட்டு, அவர்களுக்கு வண்டியும் சாப்பாடும் ஏற்பாடு செய்து, குழந்தையின் சுண்டு விரலில் மை வைக்க நின்ற ரோட்டரி உறுப்பினர்களை அந்த ஆண்டுகளில் எல்லோரும் பார்த்திருப்போம். இத்தனை ஆண்டுகளில் உலகத் தலைவர்கள், ஆளுநர்கள், ஆயிரக்கணக்கான உள்ளூர்ச் சங்கத் தலைவர்கள் மாறினார்கள். திட்டம் மாறவில்லை. இலங்கையில் போர் நடந்த காலத்தில், தடுப்பு மருந்து கொடுக்கும் நாட்களுக்காவது சண்டையை நிறுத்தச் செய்ய யூனிசெஃபோடு சேர்ந்து பாடுபட்ட கொழும்பு ரோட்டரி உறுப்பினர் கே.ஆர். ரவீந்திரன், பிற்பாடு 2015-16இல் ரோட்டரியின் உலகத் தலைவரானார். அவர் அந்த வேலையைச் செய்தபோது அந்தப் பதவியில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கொங்குப் பகுதியில் பல ஊர்களில் எரிவாயு தகன மேடையை ரோட்டரி சங்கங்கள் முன்னின்று நடத்துவதும் இதே வகைப் பணிதான். இறப்பு ஞாயிற்றுக்கிழமை என்று பார்த்து வருவதில்லை. சிலிண்டர் தீராமல், ஊழியருக்குச் சம்பளம் தவறாமல், வளாகம் பெருக்கப்பட்டு, நள்ளிரவில் அழைத்தாலும் தொலைபேசியை எடுக்க ஆள் இருந்து, ஆண்டுக் கணக்கில் நடக்கிறது. அங்கே அறக்கட்டளை அமைத்துப் பொறுப்பைத் தலைவர் பதவியிலிருந்து பிரித்திருக்கிறார்கள். மற்ற சங்கங்களும் இந்த ஏற்பாட்டைக் கவனித்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே, இந்த ஜூலையில் பொறுப்பேற்கும் தலைவர்களிடம் என் வேண்டுகோள் இது. பதவியேற்பு மேடையில் தலைவர் பதவியின் அடையாளமான கழுத்துப் பட்டையும் சுத்தியலும் கை மாறும்போது, நடந்துகொண்டிருக்கும் பணிகளின் பதிவேடும் கை மாறட்டும். அதில் என்னென்ன இயங்குகிறது, எது பழுதாகிக் கிடக்கிறது, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்பதைப் பதவி முடிந்து போகிறவர் கையெழுத்திட்டுக் கொடுக்கட்டும். புதிய திட்டம் எதற்கும் பராமரிப்புப் பணத்தை ஒதுக்காமல் ஒப்புதல் தர வேண்டாம். முகாமுக்கும் தகன மேடைக்கும் பொறுப்பாளராக ஒருவரை மூன்று ஆண்டுகளுக்காவது நியமியுங்கள். அவர் தலைவராக விரும்பாதவராக இருந்தால் இன்னும் நல்லது. மாவட்ட ஆளுநர்கள் விருது கொடுக்கும்போது, பழைய திட்டத்தைப் பழுது பார்த்து மீண்டும் ஓட வைத்த தலைவருக்கும் ஒரு விருது கொடுத்தால், இந்தப் பழக்கம் எல்லாச் சங்கங்களுக்கும் விரைவில் பரவும்.

எங்கள் சங்கத்தைப் பொறுத்தவரை, பதவியேற்பு விழாவும் முகாமும் ஒரே ஞாயிறில் வருவதால் முகாமைத் தள்ளிவைக்கலாமா என்று பேச்சு வந்தது. விழாவை மாலைக்கு மாற்றுவது என்று முடிவாகியிருக்கிறது. முகாம் வழக்கம்போலக் காலையில் நடக்கும். திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பட்டியல் தயாராக இருக்கிறது. அழைத்துப் பேசவும், நடக்க முடியாதவர்களை வண்டியில் கூட்டிவரவும் ஆட்கள் வேண்டும். உறுப்பினராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பெண்கள் வந்தால் மிகவும் உதவியாக இருக்கும். விருப்பமுள்ளவர்கள் உள்பெட்டியில் தெரிவியுங்கள். சனிக்கிழமை மாலைக்குள் ஊர்களைப் பிரித்துக்கொள்ளலாம்.