தூக்கிப் பாருங்கள், எச்சத்தைப் பாருங்கள்

கோடையில் வீட்டுக் கோழிகள் திடீரென்று சாவதற்கு வெயில்தான் காரணம், நிழலும் தண்ணீரும் போதும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாதிதான் சரி. எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம். போன சித்திரையில் நானும் அப்படி நினைத்தே பதினோரு கோழிகளைப் பறிகொடுத்தேன்.

முதல் நாள் மதியம் ஒரு பெட்டைக்கோழி வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கியது. கோழிக்கு வியர்க்காது, இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சரி, வெயில்தான் என்று வேப்பமரத்தடியில் விட்டேன். சாயங்காலம் தூக்கினால் அலகிலிருந்து கோழை நூலாக வடிகிறது. வால் சிறகில் பச்சையும் வெள்ளையுமாக எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. கோழிகளுக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் நோய்! அடுத்த சில நாளில் சேவல் ஒன்று கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றியதை இன்னும் மறக்க முடியவில்லை.

வெயிலில் சாவது பெரும்பாலும் பிற்பகலில், கனமான கோழிகளாக இருக்கும். ராத்திரி, விடிகாலை என்று நேரம் பார்க்காமல் அடுத்தடுத்துச் செத்தால் நோயைச் சந்தேகப்படுங்கள். வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவது, வந்தபின் குணப்படுத்த மருந்தில்லை. முன்கூட்டியே தடுக்கத்தான் முடியும். குஞ்சுக்கு 7ஆம் நாள் லசோட்டா என்ற தடுப்பு மருந்துச் சொட்டு, 8ஆம் வாரம் தடுப்பூசி. கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், பிப்ரவரியில் இலவசத் தடுப்பூசி முகாமும் நடக்கும்.

அப்புறம், தயவுசெய்து நோய்க்கோழியை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். செத்ததை ஓடையில் வீசாமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.