‘அதுக்கு முதல் எவடம்?’
இலங்கையின் வன்னியில் ‘எந்த ஊர்?’ என்று கேட்பது வெறும் அன்பான விசாரிப்புத்தான் என்று நான் வாசித்த கட்டுரை ஒன்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. 1977 கலவரத்தோடு மலையகத்தில் இருந்து கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. நான் பிறந்ததே இங்கேதான். ஆனாலும் கிளிநொச்சியில் இருக்கிற எங்கட ஊரைச் சொல்லி ‘தருமபுரம்’ என்றால் விடமாட்டினம், ‘அதுக்கு முதல் எவடம்?’ என்பினம். விசயமே அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கு. ‘மலையகம்’ என்ற பதிலைக் கேட்டதும் கதைக்கிற தொனியே மாறிப்போகும். 2009இல் போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில், தண்ணிக்கு வரிசையில் நிற்கேக்கையும் ஊர் கேட்டவைதான். ஆனால் அது காணாமல்போன சொந்தங்களைத் தேடிக் கேட்டது, அதை இதோடு சேர்க்கமாட்டேன். இந்தக் காலத்துப் பொடியள் இதெல்லாம் பார்ப்பதில்லை என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்துச் சொன்ன ஒருவர் எழுதியிருக்கிறார். கலியாணப் பேச்சு வரட்டும், பார்ப்பம்.