குடென் மன்னரைப் பரிசோதிக்கவில்லை

ஜெர்மனியின் பவேரியா பகுதி மன்னர் இரண்டாம் லுட்விக்கை மனநல மருத்துவர் பெர்ன்ஹார்ட் ஃபான் குடென் பல மாதம் நேரில் பரிசோதித்த பிறகே மனநோயாளி என்று அறிவித்தார் என ஒரு பதிவில் எழுதியிருந்தது. மன்னிக்கவும், அது சரியில்லை. மன்னரை மனநோயாளி என்று அறிவித்த, 1886 ஜூன் 8 தேதியிட்ட மருத்துவ அறிக்கையில் குடெனோடு சேர்த்து நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட்டார்கள், ஆனால் அதற்காக ஒருவர்கூட மன்னரைப் பரிசோதிக்கவில்லை, வேலைக்காரர்களும் அரண்மனை ஆட்களும் கொடுத்த வாக்குமூலங்களை வைத்தே முடிவுக்கு வந்தார்கள். குடென் சாதாரண ஆள் இல்லை. மூளை உடற்கூறியலில் பெரிய பெயர், நவீன மனநல மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவரான கிரெப்பெலின்கூட மியூனிக்கில் அவரிடம் வேலை பார்த்தவர்தான். அதனாலேயே இந்த விஷயத்தை மழுப்பக்கூடாது என்று நினைக்கிறேன்.

சரிபார்ப்பது கஷ்டமில்லை. அறிக்கையின் முழு வாசகம் ஜெர்மனில் அச்சாகியிருக்கிறது, மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டாலே போதும். அதைப் படித்துப் பாருங்கள், எந்தச் சான்றுகளை வைத்து முடிவு செய்தார்கள் என்று தெரியும். அப்புறம் தேதிகள்: ஜூன் 12-ல்தான் குடென் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையில் மன்னரைப் பொறுப்பில் எடுக்கிறார், என்னைப் பரிசோதிக்காமல் எப்படிச் சொன்னீர்கள் என்று மன்னரே அப்போது கேட்டதாகப் பதிவு இருக்கிறது. மறுநாள் மாலை ஸ்டார்ன்பெர்க் ஏரியில் இருவருமே இறந்துபோனார்கள்.