காற்று உள்ளே வர, வெளியேறவும் வழி வேண்டும்
மேலே உள்ள பதிவில் ஒருவர், கிளைடர் (இன்ஜின் இல்லாத விமானம்) காக்பிட்டில், அதாவது விமானி உட்காரும் அறையில், புழுக்கமாக இருந்தால் விமானத்தின் மூக்கிலுள்ள காற்றுத் துளையைப் பெரிதாக்கினால் போதும் என்கிறார். ஓசூர் நண்பர்கள் பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள். மன்னிக்கவும், அது சரியல்ல. சிக்கல் பெரும்பாலும் காற்று வெளியேறும் பக்கத்தில்தான். போக வழியில்லாத காற்று உள்ளே அழுத்தத்தைக் கூட்டும். அப்புறம் துளை எவ்வளவு பெரிதானாலும் புதுக் காற்று அதிகம் நுழையாது. உள்ளிருக்கும் காற்று, காக்பிட்டுக்கு மேலுள்ள கண்ணாடி மூடியின் ஓர இடுக்குகளில் வெளியே கசிந்து இரைச்சலையும் இழுவையையும் (விமானத்தைப் பின்னிழுக்கும் காற்றுத் தடை) தான் கூட்டும். அதனால்தான் பல கிளைடர்களில் மூடிக்குப் பின்னால், வெளி அழுத்தம் குறைவான இடத்தில், காற்று வெளியேறத் திறப்பு வைக்கிறார்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம். காலி தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்து, அதன் வாயில் பட்டாணி அளவு காகித உருண்டையை வைத்து ஊதுங்கள். உள்ளே போகாது, முகத்தில்தான் வந்து விழும். அடியை வெட்டிவிட்டு ஊதுங்கள், விர்ரென்று உள்ளே ஓடும்.

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்குக் காரில் போகும்போதும் பார்க்கலாம், ஓட்டுபவர் அல்ல, பக்கத்தில் இருப்பவர். ஃபேனை அணைத்து, வெளிக்காற்று வரும்படி வைத்து, டேஷ்போர்டு காற்றுவழியில் டிஷ்யூ காகிதத்தைப் பிடியுங்கள். பின் கதவுக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கியதும் காகிதம் இன்னும் நன்றாக எழும்பும்.