உள்ள வராத தாயி, ஒரு சந்தேகம்

செல்லூரில் ஒரு முட்டுச்சந்து. சனிக்கிழமை, காலை பத்தரை மணி. கையில் டார்ச், தோளில் ஒரு பை, பைக்குள் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து, சாக்பீஸ். வாராவாரம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பது முத்துலட்சுமியின் வேலை. விலங்கியல் படித்த பிள்ளை.

பஞ்சவர்ணம் படித்தது அஞ்சாப்பு, அதுவும் அரையாண்டு வரைக்கும்தான். ஆனால் வாசலுக்கு வந்த ஆளைப் பேசியே நிறுத்தி வைப்பதில் அந்தச் சந்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சிலிண்டர் போட வந்தவர் ஒருநாள் மதியச் சாப்பாட்டையும் முடித்துவிட்டுத்தான் போனார். இன்றைக்கு நிறுத்தி வைக்கக் காரணமும் இருக்கிறது. பின்கட்டில் மூடியில்லாமல் ஒரு நீல ட்ரம் நிற்கிறது. பக்கத்தில் பேரன் பாண்டி, கையில் வாளியோடு.

முத்துலட்சுமி: அத்தை, புழு பாக்கணும். பின்கட்டுக்கு வழி விடுங்க.

பஞ்சவர்ணம்: வா தாயி, வா. (வாசப்படியின் நட்டநடுவில் உட்கார்ந்துகொள்கிறார்.) வெயில்ல வந்திருக்க. மோரு குடிக்கிறியா?

முத்துலட்சுமி: நாலு வீட்டுல குடிச்சாச்சு. இனிமே குடிச்சா எம் வயித்துக்குள்ளதான் டார்ச் அடிச்சுப் பாக்கணும். எந்திரிங்க.

பஞ்சவர்ணம்: எந்திரிக்கிறேன். முட்டி வலி, பையத்தான் எந்திரிக்கணும். (எழவில்லை.) அதுக்குள்ள ஒரு சந்தேகம். இந்தக் கொசு இருக்கே, எங்க வீட்டுக்காரரை விட்டுட்டு ஏன் என்னையவே கடிக்குது? அந்த மனுசன் பாட்டுக்குக் கொறட்டை விடுறாரு. பக்கத்துல படுத்த எனக்கு மேலெல்லாம் தடிப்பு. முப்பத்தெட்டு வருசமா இதே கதைதான்.

(முத்துலட்சுமி பையைத் தோளிலிருந்து இறக்குகிறாள். அவளுக்கு அது ஒரு வியாதி. யாராவது ‘ஏன்’ என்று கேட்டுவிட்டால் போதும், கால் அங்கேயே வேர்பிடித்துவிடும்.)

முத்துலட்சுமி: நாம விடுற மூச்சுல கார்பன் டை ஆக்சைடு இருக்குல்ல, தூரத்துல இருந்தே அதப் பிடிச்சுக்கிட்டு வரும். கிட்ட வந்துட்டா உடம்புச் சூடு, வேர்வை வாடை. ஒவ்வொருத்தர் தோலுலயும் குடியிருக்கிற நுண்ணுயிரி வேற வேற. அதனால ஒருத்தர் வாடை மாதிரி இன்னொருத்தர் வாடை இருக்காது.

பஞ்சவர்ணம்: அவரு வாடைக்குக் கொசுவே அண்டாதுன்டு சொல்லு.

முத்துலட்சுமி: நான் அப்படிச் சொல்லலையே.

பஞ்சவர்ணம்: நாஞ் சொல்றேன். (உள்ளே திரும்பி) பாண்டீ! அந்த வேலையப் பாருடா!

முத்துலட்சுமி: என்ன வேலை?

பஞ்சவர்ணம்: வீட்டுப்பாடம்.

(பின்கட்டில் தண்ணீர் சளாரென்று கொட்டுகிறது.)

முத்துலட்சுமி: வீட்டுப்பாடம் சத்தம் பலமா இருக்கே.

பஞ்சவர்ணம்: மழை எப்படிப் பெய்யுதுன்டு செஞ்சு பாக்கச் சொல்லிருக்காக. நீ கொசுவச் சொல்லு.

முத்துலட்சுமி: கடிக்கிறது பூராம் பொம்பளைக் கொசுதான் அத்தை. முட்டை உருவாகப் புரதம் வேணும், அதுக்கு ரத்தம். ஆம்பளைக் கொசு கடிக்கவே கடிக்காது. பூந்தேனு, செடிச்சாறு, அதக் குடிச்சுட்டுக் கிடக்கும்.

பஞ்சவர்ணம்: அங்கயுமா? புள்ளை குட்டிக்காக அலையிறது பொம்பளை, குடிச்சுட்டுக் கிடக்கிறது ஆம்பளை.

முத்துலட்சுமி: மலேரியாவைக் கொசுதான் பரப்புதுங்கிறதே ரொம்ப நாள் யாருக்கும் உறுதியாத் தெரியாது. 1897 ஆகஸ்ட் 20, செகந்திராபாத்துல ரொனால்டு ராஸ்ங்கிற பட்டாளத்து டாக்டரு கொசு வயித்தைக் கீறி, உள்ள மலேரியாக் கிருமி வளர்றதப் பாத்துட்டாரு. 1902ல நோபல் பரிசு குடுத்தாக.

பஞ்சவர்ணம்: கொசு வயித்தையா? எனக்கு அயிரை மீனு அலசுறதுக்கே கண்ணாடி வேணும்.

முத்துலட்சுமி: மைக்ராஸ்கோப்பு வச்சுத்தான். அம்புட்டுத் தூரம் எதுக்கு, நம்ம சின்ன சொக்கிகுளத்துலயே கொசுவ ஆராயுறதுக்குன்னு மத்திய அரசு நிலையம் இருக்கு. அங்க கொசுவ வளர்த்துப் பாப்பாக.

பஞ்சவர்ணம்: சம்பளம் குடுத்தா வளக்குறாக? நான் சும்மாவே... (நாக்கைக் கடித்துக்கொள்கிறார்.) சும்மாவே கேட்டேன்.

முத்துலட்சுமி: நகருங்க அத்தை.

பஞ்சவர்ணம்: இரு, இரு. ஐப்பசில எனக்குக் காய்ச்சல் வந்துச்சுல்ல. உடம்பத் தொட்டா தோசைக்கல்லு. ஆனா எனக்குக் குளுருது, மூணு போர்வை பத்தல. சூடா இருந்தா வேர்க்கணும், குளுந்தா நடுங்கணும். இதுல எது பொய்?

முத்துலட்சுமி: (டார்ச்சை அணைக்கிறாள்.) ரெண்டும் நெசந்தான். இஸ்திரிப் பெட்டில சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகு இருக்குல்ல? மூளைக்குள்ளயும் அப்படி ஒன்னு இருக்கு, ஹைப்போதலாமஸ்னு பேரு. சாதாரணமா 37 டிகிரில நிக்கும். கிருமி உள்ள வந்த சேதி போனதும் மூளை திருகை 39க்குத் திருப்பிரும். உடம்பு இன்னும் 37லதான் கிடக்கு. ‘ரெண்டு டிகிரி குறையுதே, ஏத்து’ன்னு மூளை உத்தரவு போடும். அந்தக் குறைச்சல்தான் உங்களுக்குக் குளிராத் தெரியுது. உடம்பு நடுங்குறது சதையை ஆட்டிச் சூடேத்துறதுக்கு.

பஞ்சவர்ணம்: அப்ப காய்ச்சலை வரவைக்கிறது கிருமி இல்ல. நாமளா?

முத்துலட்சுமி: கிருமி வந்ததால நாமளே ஏத்திக்கிறது. சூடு ஏறுனா பல கிருமிக்குப் பெருகுறது சிரமம். நம்ம உடம்புல இருக்கிற படையும் சுறுசுறுப்பாகும். அப்புறம் திருகு கீழ இறங்குனதும்தான் வேர்த்துக் கொட்டும்.

பஞ்சவர்ணம்: வெளங்கிருச்சு. எங்க கொழுந்தன் வந்து கெளம்பாம உக்காந்திருந்தா நான் ஃபேனை அமத்திருவேன். நமக்கும் புழுக்கந்தான். ஆனா அவரு எந்திரிச்சிருவாரு.

முத்துலட்சுமி: (அசந்துபோய்) இத காலேஜுல எங்களுக்கு மூணு நாள் நடத்துனாக அத்தை. ஒன்னு மட்டும். டெங்குவா இருக்குமோன்னு சந்தேகம்னா மெடிக்கல்ல கண்ட வலி மாத்திரையும் வாங்காதீங்க. ஆஸ்பிரின், புரூபன் மாதிரி மாத்திரை ரத்தக் கசிவை அதிகமாக்கிரும். டாக்டரைப் பாத்து பாராசிட்டமால்தான்.

(மறுபடியும் சளார். இந்தத் தடவை கூடவே ஏதோ உருளும் சத்தம்.)

முத்துலட்சுமி: இப்ப இடியா?

பஞ்சவர்ணம்: ஆமா, இடியோட மழை. அதவிடு. எங்க அக்கா மகனுக்குச் சின்னதுல அம்மை போட்டுச்சு. அம்பது வயசாகுது, இப்பப் போயி இடுப்பச் சுத்தி அக்கி. வேளார் வீட்டுல காவி வச்சு எழுதிட்டு வந்தான். அம்மைக்கும் அக்கிக்கும் சம்பந்தம்னு ஆஸ்பத்திரில சொன்னாகளாம். நெசமா?

முத்துலட்சுமி: ஒரே வைரஸ்தான். சின்னம்மை எறங்குனதும் போயிருச்சுன்னு தலைக்கு ஊத்துறோம். அது போறதில்ல. முதுகெலும்புக்குப் பக்கத்துல இருக்கிற நரம்பு முடிச்சுக்குள்ள போய்ப் படுத்துக்கும்.

பஞ்சவர்ணம்: நாப்பது வருசமாவா? வாடகை இல்லாம?

முத்துலட்சுமி: காலி பண்ணவும் முடியாது. வயசாகி எதிர்ப்புச் சக்தி குறையுறப்ப எந்திரிச்சு, அந்த நரம்பு போற வழியிலயே வெளிய வரும். அதனாலதான் அக்கி ஒரு பக்கமா, பட்டையாப் போகும். எழுதுனது எழுதுனதா இருக்கட்டும், அடுத்த தடவை யாருக்கு வந்தாலும் முதல் மூணு நாளைக்குள்ள டாக்டர்கிட்டப் போகச் சொல்லுங்க. சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் மாத்திரை நல்லாக் கேக்கும். சுத்தமா ஒழிஞ்சது பெரியம்மை ஒன்னுதான். 1980ல உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சிருச்சு.

(பின்கட்டிலிருந்து ‘அப்பத்தா, முடிஞ்சுது!’ என்று பாண்டியின் குரல். நியாயமாகப் பார்த்தால் இங்கே பஞ்சவர்ணம் எழுந்து வழிவிட வேண்டும்.)

பஞ்சவர்ணம்: (கையை மட்டும் பின்னால் ஆட்டி) இருடா, இங்க முக்கியமாப் பேசிக்கிட்டிருக்கோம். தாயி, அம்மைன்னதும் ஞாவகம் வந்துச்சு. எம் பேத்தியப் பள்ளிக்கூடத்துல கொடைக்கானலுக்குக் கூட்டிப் போனாக. சூரியனைப் பாக்குற எடமாம். சூரியன் மூஞ்சியில கருப்புக் கருப்பாப் புள்ளி இருக்காமே? சூரியனுக்கும் அம்மை போடுமா?

முத்துலட்சுமி: (படிக்குப் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்தேவிடுகிறாள்.) அது சூரியப் புள்ளி. அந்த ஆய்வகத்துல நூறு வருசத்துக்கு மேல சூரியனைப் படம் எடுத்து அடுக்கி வச்சிருக்காக. 1909ல எவர்ஷெட்டுன்னு ஒருத்தரு அங்க இருந்துதான், அந்தப் புள்ளிக்குள்ள வாயு நடுவுல இருந்து வெளிப்பக்கமா ஓடுதுன்னு கண்டுபிடிச்சாரு. பெரிய புள்ளின்னா நம்ம பூமியைத் தூக்கி உள்ள போட்டாலும் எடம் மிச்சம் இருக்கும்.

பஞ்சவர்ணம்: ஏன் கருப்பா இருக்கு? தீஞ்சு போச்சா?

முத்துலட்சுமி: கருப்பே இல்ல. சுத்தி இருக்கிற எடம் 5,500 டிகிரி. புள்ளி இருக்கிற எடம் 4,000 டிகிரிக்குப் பக்கம். அங்க காந்த சக்தி அதிகம், உள்ள இருந்து வர்ற சூட்டைத் தடுக்குது. டியூப்லைட்டுப் பக்கத்துல அகல் வெளக்கு மங்கலாத் தெரியுதுல்ல, அதான். சுமாரா 11 வருசத்துக்கு ஒருக்க புள்ளி கூடும், குறையும். வெறுங்கண்ணால மட்டும் பாத்துராதீங்க.

பஞ்சவர்ணம்: 4,000 டிகிரி குளுந்த எடமாக்கும். அக்கினி நட்சத்திரத்துல நம்ம ஊரு மாதிரி. அப்ப வேப்பிலை கட்டுனாலும் நிக்காது.

முத்துலட்சுமி: போற வழியிலயே சாம்பலாயிரும்.

பஞ்சவர்ணம்: சூரியன் கெடக்கட்டும். எதிர்சேவை அன்னைக்கு ராத்திரி தல்லாகுளத்துல நின்னுக்கிட்டு நிலாவப் பாத்தேன். அம்புட்டுப் பெருசு, கட்டித் தொங்கவிட ஒரு கயிறு இல்ல, கீழ முட்டுக் குடுக்க ஒரு கம்பு இல்ல. பொத்துன்டு விழுந்தா என்னாகுறது?

முத்துலட்சுமி: விழுந்துக்கிட்டுத்தான் இருக்கு.

பஞ்சவர்ணம்: ஆத்தாடி!

முத்துலட்சுமி: அழகருக்குத் தோல் துருத்தில தண்ணி பீச்சுவாகல்ல? மெல்லப் பீச்சுனா அவுக காலடியில விழும். அழுத்திப் பீச்சுனா பத்தாள் தள்ளி விழும். இப்ப, காத்து தடுக்கலைன்னு வச்சுக்கங்க. நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்துல ஒருத்தர் பீச்சுறாரு. தண்ணி கீழ விழுந்துக்கிட்டேதான் போகும். ஆனா பூமி உருண்டைல்ல, அதுவும் கீழ வளைஞ்சுக்கிட்டே போகும். தண்ணி தரையைத் தொடவே தொடாது. ஒன்றரை மணி நேரத்துல ஒலகத்தைச் சுத்தி வந்து, பீச்சுனவரு முதுகுலயே அடிக்கும்.

பஞ்சவர்ணம்: (சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு) போன திருவிழாவுல எம் முதுகுல அடிச்சது எவன்னு தெரியாமத் திட்டித் தீத்தேன். ஒருவேளை நானே பீச்சுனதோ என்னமோ.

முத்துலட்சுமி: நிலா 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கு. அங்க நம்ம இழுப்பு கம்மி, நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகமே போதும். ஒரு சுத்துக்கு 27 நாள் எடுத்துக்கும்.

பஞ்சவர்ணம்: எம் மகன் மாதிரின்டு சொல்லு. போன் போட்டா ‘வந்துக்கிட்டே இருக்கேன்’பான். வீடு வந்து சேர மாட்டான்.

முத்துலட்சுமி: விண்வெளி நிலையம்னு ஒன்னு சுத்துது, ஆளுக இருந்து வேலை பாக்குறாக. 400 கிலோமீட்டர் ஒசரந்தான். ஒன்றரை மணிக்கு ஒரு சுத்து. ஒரு நாளைக்குப் பதினாறு தடவை பொழுது விடியும்.

பஞ்சவர்ணம்: பதினாறா! பதினாறு தடவை வாசத் தெளிச்சு, பதினாறு கோலம். எனக்கு வேணாம்மா அந்தப் பொழப்பு. நிலாவுலயாச்சும் குடியிருக்கலாமா? அங்க கொசு உண்டா?

முத்துலட்சுமி: காத்தே இல்ல, கொசு எங்கிட்டுப் பறக்குறது? நம்ம சந்திரயான்-3 2023 ஆகஸ்ட் 23 அன்னைக்கு நிலாவோட தென்முனைப் பக்கம் எறங்கி, மண்ணையும் கல்லையும்தான் சோதிச்சுச்சு.

பஞ்சவர்ணம்: நிம்மதி. அங்கன்னா ட்ரம்முக்கு மூடி வாங்கலைன்டு எவரும் கேக்க மாட்டாக.

முத்துலட்சுமி: எந்த ட்ரம்மு?

(பஞ்சவர்ணம் பேச்சை நிறுத்தியதை அந்தச் சந்து இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறது.)

பஞ்சவர்ணம்: ...மூடி இல்லைன்னா என்ன தாயி, தெர்மாகோலை வெட்டி மெதக்க விட்டிருக்கேன்.

முத்துலட்சுமி: 2017ல வைகை அணையில விட்டதே காத்தடிச்சுக் கரை ஒதுங்கிருச்சு. உங்க ட்ரம்முல நிக்குமா?

பஞ்சவர்ணம்: சரி, தண்ணிய எப்பவோ கொட்டியாச்சு. போய்ப் பாத்துக்க. ஃபைன் கியின் போட்டுறாத.

முத்துலட்சுமி: எனக்குத் தெரியும் அத்தை. நீங்க கொசுவைக் கேட்டப்ப ஆட்டுரல் கவுந்துச்சு. அக்கிக்கு முந்தி டயரு உருண்டுச்சு. அக்கி முடியுறப்ப ட்ரம்மு காலி. நான் நேரா உள்ள போயிருந்தா இம்புட்டையும் நாந்தான் குனிஞ்சு கவுக்கணும். இடுப்பு போயிரும். பாண்டி நல்ல புள்ளை.

பஞ்சவர்ணம்: அடிப்பாவி! நான் உன்னைய நிறுத்தி வச்சிருக்கேன்டுல்ல நெனச்சேன்!

முத்துலட்சுமி: ஆனா கொட்டுனா புழுதான் போகும், முட்டை போகாது. டெங்குக் கொசு தண்ணிக்குள்ள முட்டை போடாது. தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, ட்ரம்மு ஓரத்துல ஒட்டி வைக்கும். காஞ்சாலும் மாசக்கணக்காச் சாகாது. நீங்க மறுபடி தண்ணி பிடிச்சதும் பொரிச்சு, ஒரு வாரம் பத்து நாள்ல கொசுவாயிரும். உள்பக்கம் பூராம் நல்லா நார் போட்டுத் தேய்க்கணும்.

பஞ்சவர்ணம்: (உள்ளே திரும்பி) பாண்டீ! அடுப்படில தேங்கா நாரு இருக்கு, எடுத்துத் தேய்யிடா!

முத்துலட்சுமி: ட்ரம்மு பெருசு. தேய்க்க நேரமாகும். அந்த மோரைக் கொண்டாங்க, அப்படியே பெரிய கேள்வியா ஒன்னு கேளுங்க.

பஞ்சவர்ணம்: (முட்டி வலி மறந்து சட்டென்று எழுந்து, மோர்ச் செம்போடு திரும்பி) அப்ப இதச் சொல்லு தாயி. இந்த வானம் எங்க போயி முடியுது?

முத்துலட்சுமி: (செம்பை வாங்கிக்கொண்டு) அதுக்குன்னா மொட்டை மாடித் தொட்டி, ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கிற தட்டு, ரெண்டையும் சேத்துத் தேய்க்கச் சொல்லுங்க அத்தை.